சால்வையில் வந்த அன்னங்கள்

கண்டி நகரத்துக் கடைகளிலே தேடித்தேடி நான் சேர்த்து வைத்திருக்கும் பட்டுச் சால்வைகள் பதினொன்று. யாவும் பெண்கள் கழுத்திற் சுற்றும் சிறு சதுரத் துகில்கள்; யாவும் பத்திக் வேலைப்பாடு. பட்டிலே உருக்கிய மெழுகால் எழுதிச் சாயத்தில் தோய்த்தால், மெழுகுள்ள இடத்தில் நிறம் ஏறாது. மெழுகு வெடித்த இடத்திலோ சாயம் கசிந்து இலை நரம்புபோற் கோடுகள் விழும். ஒரு சால்வையில் விழுந்த கோடு மறு சால்வையில் அவ்வண்ணமே விழாது. நான் முதலிற் பார்ப்பது அக்கோடுகளைத்தான்.

ஜாவாவிற் செழித்த இக்கலைக்கு 1960களில் இலங்கையிற் புதுவாழ்வு தந்தவர்களுள் முதன்மையானவர் ஈனா டி சில்வா அம்மையார் (1922–2015). கொழும்பில் தொழில் தொடங்கிய அவர், பின்னர் மாத்தளையை அடுத்த தமது ஊராகிய அலுவிகாரைக்கே திரும்பி, அங்குள்ள பெண்களைக் கொண்டு பட்டறை நடத்தினார்.

என் சால்வைகளுள் அழகியது கத்தரிப்பூ நிறத்தது. இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்துப் பின்னி நிற்கும். எழுதியவர் பெயர் அதில் இல்லை. கல்லூரியில் அதனை விரித்துக் காட்டி, "இக்காலத்துக் கலைஞர் ஒருவரின் சொந்தக் கற்பனை" என்று மாணவர்க்குச் சற்றுப் பெருமையாகவே கூறியிருந்தேன்.

சென்ற விடுமுறையிற் குடும்பத்தோடு எம்பெக்கைத் தேவாலயத்துக்குப் போனோம். பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே செல்லும் பாதை, இருமருங்கும் வயல். கம்பளை மன்னன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், கதிர்காமக் கடவுளுக்கு எடுத்த கோயில் அது. நம் முருகன் சந்நிதியாதலால் முதலிற் கும்பிட்டோம். பிறகே முன்மண்டபத்து மரத்தூண்களைச் சுற்றினோம். மல்லர், ஆடல் மகளிர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், இருதலைப் பறவை எனத் தூண்தோறும் சதுரச் சதுரமாகச் செதுக்கு வேலை.

"அப்பா, உங்கட சால்வை!" என்று கூவினாள் மகள்.

அதே அன்னங்கள்! சதுரத்துக்குள் அடங்கவேண்டித் தச்சன் கழுத்துகளை வளைத்துப் பின்னியிருக்கிறான். அச்சதுரமே அப்படியே பட்டுச் சதுரமாகிவிட்டது. இத்தகைய கண்டிக் கோலங்களை ஆனந்த குமாரசுவாமி 1908இலேயே தமது மத்தியகாலச் சிங்களக் கலை நூலில் ஆராய்ந்து வைத்திருக்கிறார். நூலகத்துக்குப் போகாமல் வகுப்புக்குப் போனதன் பலன்!

விடுமுறை முடிந்ததும் சால்வையை மீண்டும் கொண்டுபோய், முன்பு சொன்னது பிழை என்றேன். வகுப்பு அமைதியாயிருந்தது. பின்வாங்கிலிருந்து ஒரு குரல்:

"அப்படியென்றால் அந்தச் சால்வையின் விலை குறைந்துவிடுமா, சேர்?"


"கூடும் தம்பி" என்றேன்.