புல் இருந்தால் பன்றி உண்டு

பார்பேட்டா ரோடு நகரிலிருந்து வடக்கே செல்லும் சாலை தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி பான்ஸ்பாரியில் முடிகிறது. மானஸ் தேசியப் பூங்காவின் நுழைவாயில் அங்கேதான். ஜீப் உள்ளே நுழைந்ததும் பயணிகளின் கண்கள் பெரிய பிராணிகளைத் தேடத் தொடங்குகின்றன. யானை, காண்டாமிருகம், எருமை, அதிர்ஷ்டம் இருந்தால் புலி. எதிரே நீலமாக பூட்டான் மலைகள். இரு பக்கமும் ஆளை மறைக்கும் புல்.

உலகின் மிகச் சிறிய பன்றி இந்தப் புல்லுக்குள்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணிகள் மிக மிக அரிது.

பார்ப்பது கடினம் என்பதில் வியப்பில்லை. குள்ளப்பன்றியின் உயரம் சுமார் 25 செ.மீ. நீளம் இரண்டு அடியைச் சற்றே தாண்டும். எடை 10 கிலோவுக்குள். வால் 2.5 செ.மீ. பெரிய காட்டுப்பன்றி ஒன்று சர்வசாதாரணமாக நூறு கிலோவைத் தொடும். இதையோ ஒருவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். அஸ்ஸாமியர்கள் இதை நல் கஹோரி, அதாவது நாணல் பன்றி என்கிறார்கள். போடோ மக்கள் வைத்த பெயர் ஓமா தாக்ரி.

உருவத்தை வைத்து இதைக் காட்டுப்பன்றியின் குட்டி என்று நினைத்தால் தவறு. 2007-ல் வெளியான மரபணு ஆய்வு, மற்ற பன்றிகளோடு சேர்க்க முடியாத தனி இனம் இது என்று உறுதி செய்தது. போர்க்குலா என்ற பேரினத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே வாரிசு இதுதான். இது அழிந்தால் ஒரு கிளையே முறியும்.

இதன் வாழ்க்கை முழுவதும் புல்லோடு பின்னிக் கிடக்கிறது. கிழங்கு, வேர், மண்புழு, பூச்சி என்று மண்ணைக் கிளறித் தின்கிறது. உறங்குவதற்குத் தரையில் பள்ளம் பறித்து, வாயால் புல்லைக் கடித்து இழுத்து வந்து, மெத்தையும் கூரையுமாகக் கூடு கட்டிக்கொள்கிறது. குட்டி போடும் தாய் மட்டுமல்ல, ஆணும் பெண்ணும் ஆண்டு முழுவதும் கூட்டில்தான் தூங்குகின்றன. மழைக்காலம் தொடங்கும் முன் அந்தக் கூட்டில்தான் குட்டிகள் பிறக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அளவு.

புல் என்றால் எந்தப் புல்லும் அல்ல. இமயத்தின் அடிவாரத்தில், ஆறுகள் வெள்ளத்தில் தடம் மாறி வண்டலைப் புரட்டிப்போட்ட நிலத்தில் வளரும் உயரமான புல். ஒரு காலத்தில் இந்தப் புல்வெளி உத்தரப் பிரதேசத்தின் தராய் பகுதியிலிருந்து நேபாளம், வடக்கு வங்காளம் வழியாக அஸ்ஸாம் வரை பட்டையாக நீண்டிருந்தது. டார்ஜிலிங்கில் வாழ்ந்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் பிரையன் ஹாட்சன் 1847-ல் குள்ளப்பன்றியை முதன்முதலாக விவரித்தார். அதன் பிறகு அந்த நிலம் வயலாயிற்று, தேயிலைத் தோட்டமாயிற்று, ஊராயிற்று. 1960-களில் இந்தப் பன்றி பூண்டோடு அழிந்துவிட்டது என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அது உயிரோடு இருப்பதை உலகுக்குக் காட்டியது ஒரு தீ. 1971-ல் அஸ்ஸாமின் பர்நதி வனப்பகுதி அருகே புல்வெளி பற்றி எரிந்தபோது, தப்பியோடிய சில குள்ளப்பன்றிகள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்து மனிதர்களிடம் சிக்கின. செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் புல் குறைவது நிற்கவில்லை. சில ஆண்டுகளில் நம்பத்தகுந்த இருப்பிடம் என்று மிஞ்சியது மானஸ் மட்டுமே.

மானஸுக்கோ அப்போது வேறு சோதனை. 1985-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற காடு, போடோ கிளர்ச்சியின் வன்முறையில் சிக்கியது. வனக் காவலர்கள் உயிரிழந்தார்கள், முகாம்கள் எரிந்தன, காண்டாமிருகங்கள் ஒன்று விடாமல் வேட்டையாடப்பட்டன. 1992-ல் யுனெஸ்கோ மானஸை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. 2003-ல் போடோ ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் காடு மூச்சு விட்டது. ஆபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வர 2011 ஆயிற்று.

அந்தக் கொந்தளிப்பின் நடுவில்தான், 1996-ல், பான்ஸ்பாரி சரகத்தில் ஆறு குள்ளப்பன்றிகள் பிடிக்கப்பட்டன. இரண்டு ஆண், நான்கு பெண். பெண்களில் மூன்று சினையாக இருந்தன. பிரிட்டனின் ஜெர்சி தீவைச் சேர்ந்த டரல் வனவிலங்கு அறக்கட்டளையும் அஸ்ஸாம் வனத்துறையும் மத்திய அரசும் கைகோத்த திட்டத்தின் முதல் போடு அது. பன்றிகள் போய்ச் சேர்ந்த இடம் குவஹாத்தியின் தெற்கு ஓரத்தில் உள்ள பசிஷ்டா. வசிஷ்ட முனிவர் தவம் செய்ததாகச் சொல்லப்படும் ஓடைக்கரை, அஹோம் மன்னர் காலத்துக் கோயில், பக்தர் கூட்டம். அந்தப் பகுதியில்தான் புல் வளர்த்த அடைப்புகளுக்குள் ஓர் இனத்தின் எதிர்காலம் பெருக்கப்பட்டது.

பெருகவும் செய்தது. ஆனால் கூண்டில் வளர்த்த பன்றியை நேரே காட்டில் விட முடியாது. நமேரி அருகே போத்தாசாலியில் இயற்கைப் புல்வெளி போலவே அமைத்த அடைப்பில் சில மாதங்கள் பயிற்சி. மனித வாடை முடிந்த மட்டும் படாமல், தானே இரை தேடிக் கூடு கட்டக் கற்றுக்கொண்ட பிறகே விடுதலை. 2008-ல் சோனாய் ரூபாய் சரணாலயத்தில் முதல் 16 பன்றிகள் விடப்பட்டன. பிறகு ஓராங், பர்நதி. 2020-ல் மூதாதையர் பிடிபட்ட அதே மானஸுக்கு 14 பன்றிகள் திரும்பின. அந்த ஆண்டு வரை நான்கு இடங்களிலும் விடப்பட்டவை 130. ஓராங்கில் அவை நன்றாகவே வேரூன்றிவிட்டன.

இங்கே கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் மறுபடியும் தீதான்.

குளிர்காலத்தில் புல் காய்ந்ததும் அஸ்ஸாமின் புல்வெளிகள் எரிகின்றன. கூரை வேயப் புல் அறுப்பவர்களும், மாட்டுக்கு இளந்தளிர் வேண்டுபவர்களும் வைக்கும் தீ ஒரு பக்கம். வனத்துறையே வைக்கும் தீ மறு பக்கம். அதிலும் நியாயம் இருக்கிறது: எரிக்காமலே விட்டால் புல்லை மரங்களும் புதர்களும் விழுங்கிவிடும். வெளிநாட்டுக் களையான கம்யூனிஸ்ட் பச்சையும் கொடியாகப் படரும் மிக்கானியாவும் ஏற்கெனவே பல இடங்களைப் பிடித்துவிட்டன. ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எரித்தால் இந்தப் பன்றிக்கு ஓட இடமில்லை. பிழைத்தாலும் கூடு கட்டப் புல்லும் இல்லை, மறைவும் இல்லை.

ஆக, தீயே இல்லாவிட்டாலும் சாவு, தீ அதிகமானாலும் சாவு. நிபுணர்கள் சொல்லும் வழி நடுவில் இருக்கிறது. பருவத்தின் தொடக்கத்திலேயே, சிறு சிறு திட்டுகளாக, இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு மற்றொன்று என்று மாற்றி மாற்றி எரிப்பது. சொல்வது எளிது. ஆள்பலமும் பொறுமையும் கேட்கும் வேலை அது. காற்று திசை மாறினால் தீ திட்டோடு நிற்பதில்லை.

2020-ல் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இன்னொரு கவலை. அஸ்ஸாமின் வீட்டுப் பன்றிகளை அது ஆயிரக்கணக்கில் சாய்த்தது. காட்டில் இருக்கும் குள்ளப்பன்றிகளோ 250-க்குள் என்பது மதிப்பீடு. அவற்றிடையே நோய் புகுந்தால் இருபத்தைந்து ஆண்டு உழைப்பு ஒரே பருவத்தில் வீணாகும்.

இந்தப் பன்றியை நம்பி இன்னொரு உயிரும் இருக்கிறது. குள்ளப்பன்றியின் உடலில் மட்டுமே வாழும் ஒரு பேன். பன்றி போனால் அதுவும் போகும். வங்காள வரகுக்கோழியும் சொரசொரப்பான ரோமம் கொண்ட அஸ்ஸாம் முயலும் இதே புல்லை நம்பித்தான் வாழ்கின்றன. காண்டாமிருகத்துக்கும் அதுதான் மேய்ச்சல் நிலம். 2008 முதல் வேறு காடுகளிலிருந்து கொண்டுவந்து விட்ட காண்டாமிருகங்கள் மானஸில் மீண்டும் மேய்கின்றன. ஜீப்புகள் நிற்பது அவற்றுக்காகத்தான்.

மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். புல் ஆளுயரத்துக்கு மேல் எழும். குட்டிகள் தாயின் பின்னால் வரிசையாக நடக்கக் கற்றுக்கொள்ளும். டிசம்பரில் புல் மறுபடி காயும். எந்தத் திட்டை எரிப்பது, எதை விட்டுவைப்பது என்று வனத்துறை தீர்மானிக்கும். உலகின் மிகச் சிறிய பன்றிக்கு அடுத்த ஆண்டு உண்டா என்பதும் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.