ஆற்றுக்கு அப்பால் இரண்டு நாள்

ரைன் ஆறு ஆல்ப்ஸ் மலையில் தோன்றி, ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் ஓடி வடகடலில் கலக்கிறது. அந்நெடும் பயணத்தின் ஒரு பகுதியில் அது இரு நாடுகளுக்கு எல்லையாகிறது. கிழக்குக் கரை ஜெர்மனி. மேற்குக் கரை பிரான்சு. கிழக்கே கேல் என்னும் சிற்றூர். மேற்கே, அல்சாஸ் பகுதியின் தலைமை நகரான ஸ்ட்ராஸ்பர்க். அந்நகரை நூல்கள் வணிக நகர், கலை நகர், ஐரோப்பிய நாடாளுமன்றம் கூடும் நகர் என்றெல்லாம் போற்றும். எனக்கு அது ஒரு மூதாட்டியின் நகராகவே நினைவில் நிற்கிறது.

நான் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் பொறியியல் மேற்படிப்புப் படித்த காலம் அது. எங்கள் பல்கலைக்கழகமும் ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், பாசல் முதலிய பல்கலைக்கழகங்களும் 'யூகோர்' என்னும் கூட்டமைப்பில் இணைந்தவை. ஒன்றில் பயிலும் மாணவர் மற்றொன்றின் வகுப்பிலும் தனிக் கட்டணமின்றி அமரலாம். அவ்வாறு ஆங்கிலவழி வகுப்பொன்றில் எங்களுடன் பயின்ற பிரெஞ்சுத் தோழி, 2024 டிசம்பர் முதல் வாரத்தின் இறுதியில் தன் ஊருக்கு வருமாறு அழைத்தாள். "விடுதிக்கு ஏன் செலவிட வேண்டும்? என் பாட்டியின் வீட்டில் இடம் இருக்கிறது" என்றாள். மாணவர் வாழ்வில் இதனினும் இனிய சொல் உண்டோ! ரைன் கரைச் சிற்றூரில் பிறந்த ஜெர்மானிய நண்பன், போலந்துத் தோழி, நான் என மூவரும் புறப்பட்டோம்.

எல்லையைக் கடத்தல்

பருவப் பயணச்சீட்டு கேல் வரை செல்லும். அதற்கப்பால் டிராம் வண்டி உண்டு. 2017ஆம் ஆண்டுமுதல் ஸ்ட்ராஸ்பர்க் நகர டிராம், ஆற்றைத் தாண்டி ஜெர்மனிக்குள் வந்து செல்கிறது. காய்கறி வாங்கவும் வேலைக்குச் செல்லவும் மக்கள் அதில் நாடுவிட்டு நாடு போகின்றனர். நாங்கள் போகும்போது நடந்தே செல்வது என்று முடிவு செய்தோம். 2004இல் மார்க் மிம்ராம் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் அமைத்த 'இரு கரைப் பாலம்' நடப்போர்க்கு ஒன்றும் மிதிவண்டிக்கு ஒன்றுமாக இரு பாதைகளை உடையது. இரண்டும் ஆற்றின் நடுவில் ஒரு மேடையில் கூடுகின்றன. அம்மேடையில் நின்றோம். குளிர் காதுமடலை அறுத்தது. ஒரு சிறுவன் பலூனுடன் எங்களைக் கடந்து ஓடினான். அவன் எந்த நாட்டுக் குழந்தை என்று எவரும் கேட்கவில்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கின் பேராலயத்தைப் பற்றி எழுதாமல் எவரும் அந்நகரைப் பற்றி எழுதுவதில்லை. செம்மணற்கல்லால் ஆன அதன் கோபுரம் 142 மீட்டர் உயரம். 1439இல் முடிந்த அது, 1647 முதல் 1874 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. இரு கோபுரங்கள் எழ வேண்டிய முகப்பில் ஒன்றே எழுந்தது. 1570 முதல் நடந்துவரும் கிறிஸ்துமஸ் சந்தை அதன் அடியிலும் அருகிலுள்ள தெருக்களிலும் பரந்திருந்தது. விளக்குகளும் கூட்டமும் இலவங்கப்பட்டை மணமும் நிறைந்த அச்சந்தையில் சூடான ஆப்பிள் சாறு ஒரு குவளை வாங்கி, அதைக் கைகளுக்குக் கணப்பாக்கிக்கொண்டு நடந்தோம்.

அடுக்களையில் பார்த்தால் மனித உருவில் செய்த சிறு ரொட்டிகள் தட்டில் கிடக்கின்றன. டிசம்பர் 6ஆம் நாள், தூய நிக்கோலாஸ் விழாவுக்குச் சுடுபவை. "மன்னெலே" என்றாள் தோழி. "எங்கள் பக்கம் இதற்குப் பெயர் டம்பெடை" என்றான் ஜெர்மானிய நண்பன். அப்போதுதான் உள்ளறையிலிருந்து பாட்டியார் வந்தார். 1935இல் பிறந்தவர். 'டம்பெடை' என்னும் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவனை நோக்கி ஏதோ கேட்டார். அவன் விடையளித்தான். இருவரும் சிரித்தனர். தோழி எங்களைப் போலவே விழித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டியின் மொழி

பாட்டியார் பேசியது பிரெஞ்சும் அன்று. பள்ளியில் கற்பிக்கும் ஜெர்மனும் அன்று. அது அல்சேசிய மொழி. ரைன் ஆற்றின் இரு கரைகளிலும் உழவரும் மீனவரும் நூற்றாண்டுகளாகப் பேசிவந்த ஜெர்மானியக் கிளைவழக்குகளுள் ஒன்று. எதிர்க்கரையில் பிறந்த நண்பனின் வீட்டுப் பேச்சுக்கு அது உடன்பிறப்பு. தோழியோ பள்ளியில் ஆங்கிலமும் ஸ்பானியமும் கற்றவள்; பாட்டியோடு பிரெஞ்சில் பேசுபவள். வயது முதிர முதிர, இளமையில் பின்னர்க் கற்ற மொழி பாட்டியாரிடம் மெல்லத் தேய்ந்தது. முதலில் கற்ற மொழியே எஞ்சியது. எனவே பேத்தியின் வீட்டிலேயே பேத்திக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவர் அயல்நாட்டிலிருந்து வந்திருந்தார்!

உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே பேச்சு வளர்ந்தது. பிரெஞ்சில் அதற்குப் 'பொம் த தேர்' என்று பெயர். நிலத்து ஆப்பிள் என்பது பொருள். பாட்டியார் 'குரும்பேரே' என்றார். அதாவது நிலத்துப் பேரிக்காய். நண்பனின் ஊரிலும் அதே பேரிக்காய்தான். எல்லை ஆற்றின் நடுவில் ஓடுகிறது என்று வரைபடம் சொல்கிறது. அடுக்களையின் எல்லை வேறிடத்தில் ஓடுகிறது.

பாட்டியார் சொன்னதை நண்பன் ஆங்கிலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஸ்ட்ராஸ்பர்க் நகரை முழுவதும் காலி செய்யுமாறு அரசு ஆணையிட்டது. நான்கு வயதுச் சிறுமியான அவரைத் தாய் தொடர்வண்டியில் ஏற்றித் தென்மேற்கே தொர்தோஞ் பகுதிக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த மக்களுக்கு இவர்கள் பேச்சு ஜெர்மானியர் பேச்சாக ஒலித்தது. பிரெஞ்சு மக்களே பிரெஞ்சு மக்களை ஐயத்துடன் நோக்கினர். மறு ஆண்டு பிரான்சு வீழ்ந்தது. அல்சாஸ் ஹிட்லரின் ஆட்சிக்குட்பட்டது. ஊர் திரும்பியபோது, "நீங்கள் ஜெர்மானியரே" என்றனர் புதிய ஆட்சியாளர். பிரெஞ்சு மொழி தடை செய்யப்பட்டது. பிரெஞ்சுத் தொப்பி அணிவதும் குற்றமாயிற்று. சிறுமியின் பிரெஞ்சுப் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் ஜெர்மானியப் பெயராக மாற்றி எழுதினர். "என் பெயரை எவர் அழைக்கிறார் என்று முதல் நாள் திரும்பிப் பார்த்தேன்" என்றார் பாட்டியார்.

அவருக்கு ஓர் அண்ணன். 1942 ஆகஸ்டு முதல் அல்சாஸ் இளைஞர்களை ஜெர்மானியப் படையில் கட்டாயமாகச் சேர்த்தனர். மறுத்துத் தப்பியோரின் குடும்பங்களை நாடு கடத்தினர். அல்சாஸ், மொசெல் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 1,30,000 பேர் இவ்வாறு விருப்பமின்றிச் சீருடை அணிந்தனர். இன்றும் அவர்களை 'எங்கள் விருப்பத்துக்கு மாறாக' என்னும் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரால் சுட்டுகின்றனர். அண்ணன் 1943இல் கிழக்குப் போர்முனைக்குச் சென்றார். திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது பாட்டியாரின் கை கத்தியை நிறுத்தவில்லை. தோலின் நீண்ட சுருள் ஒன்று அறுபடாமல் தட்டில் விழுந்தது. தோழி மெல்லச் சொன்னாள்: "அண்ணன் போரில் இறந்தார் என்று தெரியும். எந்தச் சீருடையில் என்று எனக்குச் சொல்லவில்லை."

போருக்குப் பின் காற்று மறுதிசையில் வீசியது. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று முழக்கம் எழுந்தது. பள்ளிகளில் அல்சேசியம் பேசிய குழந்தைகள் கண்டிக்கப்பட்டனர். பாட்டியார் தம் மக்களுக்குப் பிரெஞ்சையே கற்பித்தார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. இருமுறை மொழியால் துன்புற்றவர், மூன்றாம் முறை பிள்ளைகளை அத்துன்பத்திலிருந்து காக்க எண்ணியதில் வியப்பில்லை. திருநெல்வேலியில் என் ஆச்சி புழங்கும் 'தார்சா', 'அங்கணம்' போன்ற சொற்களை நான் விடுதி அறையிலிருந்து தொலைபேசியில் மட்டுமே கேட்கிறேன். அவற்றை எவரும் தடை செய்யவில்லை. வீட்டில் தார்சாவே இல்லாமற் போயிற்று.

பெயர் பொறிக்காத கல்

மறுநாள் காலையில் தோழி எங்களைக் குடியரசுச் சதுக்கத்திற்கு அழைத்துச் சென்றாள். 1871 முதல் 1918 வரை நகரை ஆண்ட ஜெர்மானியப் பேரரசு எழுப்பிய மாளிகைகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. 1870க்கு முன் பிறந்து 1945 வரை இவ்வூரில் வாழ்ந்தவர் ஒருவர், நான்கு முறை நாடு மாறியிருப்பார். சதுக்கத்தின் நடுவில், 1936இல் த்ரிவியே என்னும் சிற்பி வடித்த போர் நினைவுச்சின்னம் இருக்கிறது. தாய் ஒருத்தி, உயிர் நீங்கும் இரு மைந்தரைத் தாங்கி அமர்ந்திருக்கிறாள். ஒருவன் பிரான்சுக்காக மாண்டவன். மற்றவன் ஜெர்மனிக்காக மாண்டவன். எவன் எவன் என்று அறிய வழியில்லை. இருவர் உடலிலும் சீருடை இல்லை. அவர்களின் கைகள் மட்டும் பற்றியிருக்கின்றன. பிரான்சின் ஊர்தோறும் உள்ள நினைவுக் கற்களில் 'பிரான்சுக்காக மாண்டோர்' என்று காணலாம். இங்கே 'எம் மாண்டோர்க்கு' என்பதோடு நின்றுவிடுகிறது. தோழி அக்கல்லின் முன் நெடுநேரம் நின்றாள். பள்ளிச் சுற்றுலாவில் பலமுறை பார்த்த சின்னந்தான் என்றாள்.

இதே நகரில் 842ஆம் ஆண்டு பிப்ரவரியில் இரு மன்னர்கள் உறுதிமொழி ஏற்றனர். சார்லஸ், லூயி என்னும் அவ்வுடன்பிறந்தார், மூத்தவனான லோத்தருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தனர். மற்றவன் படைவீரர்க்குப் புரிய வேண்டுமென்று, ஒவ்வொருவரும் எதிரே நின்ற படையின் மொழியில் சூளுரைத்தனர். பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று, ஜெர்மானிய நாட்டு மன்னன் வாயிலிருந்து வந்த அச்சூளுரையே. இதை நான் சொன்னபோது நண்பன், "பிறகு ஏன் ஆயிரம் ஆண்டு சண்டை?" என்றான். விடை எவரிடமும் இல்லை.

அன்று பிற்பகல் தோழி தன் திறன்பேசியைப் பாட்டியாரின் முன் வைத்தாள். அண்ணனைப் பற்றி, தொர்தோஞ் பற்றி, ரொட்டிகள் பற்றி அவர் பேசப் பேச அது பதிவு செய்தது. நண்பன் இடையிடையே கேட்டான். எங்கள் வண்டி நேரம் நெருங்கியும் அவர் நிறுத்தவில்லை.

மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. டிராமில் ஆற்றைக் கடந்தோம். கேல் நிலையத்தில் காவலர் இருவர் ஏறினர். அவ்வாண்டு செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் தொடங்கியிருந்தது. நண்பனும் போலந்துத் தோழியும் அடையாள அட்டையைக் காட்டினர். ஒரு நொடியில் முடிந்தது. என் கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் காவலர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பணிவுடன்தான் பார்த்தார். ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தில் வண்டியில் இருந்தோர் அனைவரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. ஆற்றின் எல்லை சிலருக்கு இன்னும் தடிப்பாகவே இருக்கிறது.

நடைமேடையில் தொடர்வண்டிக்குக் காத்திருந்தபோது நண்பனின் திறன்பேசி ஒலித்தது. தோழி ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தாள். "பாட்டி இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். எனக்குப் புரியவில்லை. என்ன அது?" என்று கேட்டிருந்தாள். அவன் இருமுறை கேட்டான். பிறகு சிரித்தான்.

"போன பிள்ளைகள் வழிக்குச் சாப்பிட ஏதாவது எடுத்துக்கொண்டார்களா என்று கேட்கிறார்."

போலந்துத் தோழி தன் பையைத் திறந்தாள். தாளில் சுற்றிய மூன்று மன்னெலே அதில் இருந்தன.