ஆவியாகாத ஆபத்து

உப்பு என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது சமையலறை ஜாடியில் இருக்கும் வெள்ளைப் பொடிதான். அதை ஒரு வாணலியில் போட்டு உருக்க முடியுமா? கேஸ் சிலிண்டர் தீரும் வரை கிளறினாலும் வாணலிதான் கருகும். சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் சாதாரண அறையில், ஃபேன் காற்றில், பாட்டிலைச் சாய்த்தால் தேன் மாதிரி மெதுவாக வழியும் உப்புகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் அயனித் திரவங்கள்.

உப்பு எப்படித் திரவமாக இருக்கும் என்று கேட்கலாம். விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரே அளவு தீப்பெட்டிகளை அடுக்கினால் கச்சிதமாக நிற்கும். குடை, செருப்பு, குக்கர் மூடி எல்லாவற்றையும் அடுக்கினால்? சரிந்துவிடும். சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியமும் குளோரைடும் தீப்பெட்டி ரகம். அயனித் திரவத்தில் ஒரு பக்கம் பெரிய, கோணல்மாணலான கரிம அயனி. அது ஒழுங்காக அடுக்கி உட்காராது. அதனால் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடுகிறது. 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகளைத்தான் பொதுவாக இந்தப் பெயரில் அழைக்கிறார்கள்.

லாத்வியாவில் பிறந்த வேதியியலாளர் பால் வால்டன் 1914-லேயே எத்தில் அமோனியம் நைட்ரேட் என்ற உப்பைப் பற்றி எழுதினார். அதன் உருகுநிலை வெறும் 12 டிகிரி. அன்றைக்கு அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1992-ல் அமெரிக்காவில் வில்க்ஸ், சவரோட்கோ என்ற இருவர், காற்றிலும் ஈரத்திலும் கெடாத அயனித் திரவங்களைச் செய்து காட்டினார்கள். அதன் பிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது.

ஏன் இவ்வளவு ஆர்வம்? வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறும் வாடை பெரும்பாலும் கரைப்பான்களுடையது. அசிட்டோன், ஈதர், டொலுயீன்... எல்லாம் சீக்கிரம் ஆவியாகும். ஆவியானால் மூச்சில் போகும், தலை வலிக்கும், ஒரு தீப்பொறி போதும், பற்றிக்கொள்ளும். அயனித் திரவம் சாதாரண நிலையில் கிட்டத்தட்ட ஆவியாகவே ஆகாது. அதனால் பெரும்பாலும் வாடையும் கிடையாது. வேலை முடிந்ததும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். 'பசுமைக் கரைப்பான்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

வம்பு இந்தப் பட்டத்தில்தான் ஆரம்பித்தது. 'ஆவியாகாது' என்பது ஒரு குணம். 'ஆபத்தில்லாதது' என்பது ஒரு சான்றிதழ். குணத்தைச் சொல்லிச் சான்றிதழைக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காலகட்டத்தில் ரொம்பப் பிரபலமாக இருந்த ஓர் அயனித் திரவத்தை எடுத்துக்கொள்ளலாம். முழுப்பெயர் 1-பியூட்டைல்-3-மெத்தில் இமிடசோலியம் ஹெக்சாஃப்ளூரோ பாஸ்பேட். மூச்சு வாங்குகிறதா? ஆய்வகங்களில் சுருக்கமாக 'பிமிம் பி.எஃப்.6' என்பார்கள். தண்ணீரோடு கலக்காது. ஒரு குழாயில் இரண்டையும் ஊற்றினால் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி தனித்தனி அடுக்காக நிற்கும். கலக்காத ஒன்று தண்ணீரோடு வினைபுரியவும் செய்யாது என்று நினைப்பது இயல்புதானே?

2003-ல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்வாட்லோஸ்கி, ஹோல்ப்ரி, ராஜர்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அயனித் திரவங்கள் எப்போதும் பசுமையானவை அல்ல என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த பி.எஃப்.6 திரவத்தைச் சுத்திகரிக்கும்போது அதிலிருந்து ஒரு படிகம் உருவானது. சோதித்துப் பார்த்தால் அது ஒரு ஃப்ளூரைடு உப்பு. அதாவது ஹெக்சாஃப்ளூரோ பாஸ்பேட் தண்ணீரோடு சேர்ந்து உடைந்திருக்கிறது. அப்படி உடையும்போது வெளியே வருவது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். வெப்பமும் அமிலத்தன்மையும் சேர்ந்தால் இந்த உடைவு இன்னும் வேகமாக நடக்கும்.

ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்ற பெயரைக் கேட்டால் அனுபவமுள்ள வேதியியலாளர்களும் ஓரடி தள்ளி நிற்பார்கள். கண்ணாடியை அரிக்கும் அமிலம் அது. மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். வலி சில மணி நேரம் கழித்து வரும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். அதிக இடத்தில் பட்டால் உயிரே போகலாம். முதலுதவிக்கென்றே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் என்று தனியாக ஒன்று உண்டு.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். ஓர் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடிக் குடுவையில் 'பசுமைக் கரைப்பான்'. கொஞ்சம் ஈரம் இருக்கிறது, இரவு முழுக்கச் சூடாக்க வைத்திருக்கிறார். வாடை இல்லை, புகை இல்லை. அடுத்த நாள் காலையில் குடுவையைக் கழுவக் கையுறை இல்லாமல் எடுக்கிறார். பாட்டில் மேல் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் என்று ஒட்டியிருந்தால் அவர் அப்படித் தொட்டிருப்பாரா? வாங்கிய பாட்டிலில் அந்த அமிலம் இல்லை. குடுவைக்குள்தான் அது பிறந்தது.

ஆவியாகாத குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அசிட்டோன் மேஜையில் சிந்தினால் சில நிமிடத்தில் தானே காய்ந்துவிடும். அயனித் திரவம் சிந்தினால் அங்கேயே இருக்கும். இன்றைக்குச் சிந்தியது அடுத்த வாரமும் இருக்கும். அந்தக் கையோடு கதவைத் திறந்தால் கைப்பிடியில், எழுதினால் பேனாவில், தட்டினால் கீபோர்டில். அடுத்து வருபவருக்கு அது வெறும் பிசுக்கு. வாடை என்பது ஒருவகையில் இலவச எச்சரிக்கை மணி. இங்கே அந்த மணியைக் கழற்றி வைத்திருக்கிறது!

தீப்பிடிக்காது என்ற நம்பிக்கைக்கும் 2006-ல் அடி விழுந்தது. நிறைய அயனித் திரவங்கள் எரியக்கூடியவைதான் என்று அந்த ஆண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். திரவம் ஆவியாகாவிட்டாலும், சூட்டில் சிதைந்து வரும் வாயுக்கள் எரியும். அதே 2006-ல் இன்னொரு குழு, வெற்றிடத்தில் 200 முதல் 300 டிகிரி வரை சூடாக்கினால் சில அயனித் திரவங்களைக் காய்ச்சி வடிக்கவே முடியும் என்று நேச்சர் இதழில் எழுதியது. ஆக, 'ஆவியாகவே ஆகாது' என்பதும் முழு உண்மையாக இல்லை.

உடம்புக்கும் தண்ணீருக்கும் என்ன செய்யும்? எல்லா அயனித் திரவமும் ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான சேர்க்கைகள் சாத்தியம். ஆனால் ஒரு போக்கு தெளிவாகத் தெரிகிறது. இமிடசோலியம் வகையில் தொங்கும் கார்பன் சங்கிலி நீள நீள நச்சுத்தன்மையும் கூடுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு குப்பைக் கிடங்குப் பகுதியின் மண்ணை ஆராய்ந்தார்கள். எட்டு கார்பன் சங்கிலி கொண்ட இமிடசோலியம் அதில் இருந்தது. பி.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கல்லீரல் நோயை அது தூண்டக்கூடும் என்ற சந்தேகத்தை 2018-ல் முன்வைத்தார்கள். இது நிரூபிக்கப்பட்ட குற்றச்சாட்டு இல்லை, சந்தேகம்தான். ஆனால் ஆய்வகச் சரக்கு என்று நினைத்த ஒன்று மண்ணில் இருந்தது சந்தேகம் இல்லை, உண்மை.

பி.எஃப்.6 உடைகிறதே என்று, தண்ணீரில் உடையாத வேறு ஃப்ளூரின் சேர்மங்களுக்குப் பலர் மாறினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் குடுவைக்குள் எளிதில் உடையாதது குளத்துக்குள்ளும் எளிதில் உடையாது. ஒரு இடத்தில் வரவு வைத்தால் இன்னொரு இடத்தில் பற்று வந்து நிற்கிறது.

கணக்குப் பாடத்தில் முதல் வாரமே வந்துவிடும் ஒரு விஷயம்: காலியாக இருக்கும் கட்டமும் பூஜ்யம் போட்ட கட்டமும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. காலி என்றால் யாரும் இன்னும் எண்ணவில்லை. ரசாயனங்களோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பகுதிகள் இருக்கும். அதிகம் சோதிக்கப்படாத ரசாயனம் என்றால் பல கட்டங்களில் 'தகவல் இல்லை' என்றுதான் அச்சாகியிருக்கும். அவசரத்தில் அதைப் படிக்கும் கண் 'ஆபத்து இல்லை' என்று படித்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த ஒரு வார்த்தையில் ஒருவருடைய விரல் போகலாம்.

அப்படியானால் எப்படிக் கையாள்வது? பெரிய மந்திரம் எதுவும் இல்லை. தெரியாததை விஷம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் வழி.

வாடை இல்லாவிட்டாலும் புகை உறிஞ்சும் கூண்டுக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். கண்ணாடி, கோட்டு, கையுறை மூன்றும் கட்டாயம். கையுறை எந்த ரகம் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும், பக்கத்து மேஜையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அயனித் திரவங்கள் பலவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் பாட்டிலை உடனே இறுக மூட வேண்டும், திறந்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். பி.எஃப்.6 மாதிரி ஃப்ளூரின் வகைகளை ஈரத்தோடும் அமிலத்தோடும் சூடாக்கக் கூடாது. அவற்றோடு வேலை செய்யும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவி, வலிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என்ன பட்டது என்று டாக்டரிடம் பெயரைச் சொல்ல வேண்டும். சிந்தியதை உடனே உறிஞ்சும் பொருளால் துடைக்க வேண்டும், அது காயும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாமல் தனிக் கழிவு டப்பாவில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அயனித் திரவமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2019 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. 2,000 கிலோவுக்கும் மேலான ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வெளியேறியது. பெட்ரோலுக்குத் தேவையான ஒரு கலவையைத் தயாரிக்க இந்த அமிலத்தை டன் கணக்கில் வைத்திருக்கும் ஆலைகள் பல உண்டு. அந்த அமிலத்துக்குப் பதிலாக 2021-ல் செவ்ரான் நிறுவனம் தன்னுடைய சால்ட் லேக் சிட்டி ஆலையில் எதைப் பயன்படுத்த ஆரம்பித்தது தெரியுமா? ஓர் அயனித் திரவத்தை!

ஒரு அயனித் திரவம் எந்த அமிலத்தை ஓசையில்லாமல் பிறப்பிக்கிறதோ, அதே அமிலத்தை இன்னொரு அயனித் திரவம் ஒரு ஆலையிலிருந்து வெளியேற்றுகிறது. அந்தத் திரவத்தில் அலுமினியம் குளோரைடு இருப்பதால் ஈரம் பட்டால் அது வேறொரு அமிலப் புகையைக் கக்கும். அதைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற ஏற்பாட்டோடுதான் பயன்படுத்த முடியும்.

பசுமை என்பது ஒரு பாட்டிலின் மேல் ஒட்டும் லேபிள் இல்லை. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது, அது எதோடு சேர்ந்தால் என்னவாக மாறும், மிச்சம் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு போடும் கையெழுத்து அது. பதில் தெரியாத வரை அந்தக் கட்டம் காலிதான். அதில் பூஜ்யம் போட யாருக்கும் அதிகாரம் இல்லை.