கோடிங்ல ‘பாஸ்’... ஆள் ஃபெயில்!

‘சம்திங் வென்ட் ராங்!’ பரீட்சை ஃபீஸ் கட்டுற கடைசி நாள்ல, ராத்திரி பதினோரு மணிக்கு இந்த வரியைப் பார்த்து வயிறு கலங்காதவங்க யாராவது இருந்தா கை தூக்குங்க பார்க்கலாம். என்ன ஆச்சு, யாரால ஆச்சு, இப்ப நாம என்ன செய்யணும்... மூணுக்குமே அதுல பதில் இருக்காது. ‘ஏதோ ஆயிடுச்சு, போயிட்டு வா’ங்கிறதுதான் அதோட அர்த்தம்.

போன செமஸ்டர்ல என் ரூம்மேட்டுக்கு நடந்தது இதுதான். அரியர் பேப்பருக்கு ஃபீஸ் கட்டணும். ஊர்ல அப்பா கைமாத்து வாங்கி அனுப்பின காசு. பட்டனை அமுக்கினான். பணம் எடுத்தாச்சுன்னு பேங்க்ல இருந்து எஸ்.எம்.எஸ். வந்துடுச்சு. ஸ்க்ரீன்ல மட்டும் ‘சம்திங் வென்ட் ராங்’. மறுபடி கட்டினா ரெண்டு தடவை போயிடுமோ? கட்டாம விட்டா பரீட்சையே போயிடுமோ? பயந்துபோய், பக்கத்து ரூம்ல கடன் வாங்கி இன்னொரு தடவை கட்டினான். ரெண்டு தடவையும் பணம் போயிருந்தது. ஒரு தொகை திரும்பி வர்றதுக்குள்ள மெஸ் பில்லுக்கு அவன் பட்ட பாடு... அது தனிக்கதை!

நான் இப்ப ஒரு கம்பெனியில இன்டர்ன். ஏ.பி.ஐ. எழுதுறதுதான் வேலை. ஏ.பி.ஐ.ன்னா ஹோட்டல் சப்ளையர் மாதிரி. ஆப் கேட்கிறதை உள்ளே போய்ச் சொல்லி, கிடைக்கிறதை வெளியே கொண்டு வந்து வைக்கும். நாங்க எழுதுறது பைதான்ல, ஃபாஸ்ட்ஏபிஐங்கிற ஃப்ரேம்வொர்க்ல. செபாஸ்டியன் ரமிரெஸ் 2018-ல் வெளியிட்டது. அதைக் கத்துக்கும்போதுதான் ஒண்ணு புரிஞ்சது. ரூம்மேட் விஷயத்துல கோளாறு எங்கே வேணும்னாலும் இருந்திருக்கலாம். ஆனா அவனை அலையவிட்டது அந்தப் பதில்!

சர்வர் தர்ற ஒவ்வொரு பதிலுக்கும் மூணு இலக்க நம்பர் உண்டு. 2-ல் ஆரம்பிச்சா, வேலை ஆச்சு. 4-ன்னா, கேட்டதுல தப்பு. 5-ன்னா, சர்வர் பக்கம் தப்பு. நமக்கெல்லாம் பழக்கமான 404, ‘இட்லி இல்லை சார்’னு சப்ளையர் சொல்ற மாதிரி. ஃபாஸ்ட்ஏபிஐல ‘ஹெச்.டி.டி.பி.எக்செப்ஷன்’னு ஒண்ணு இருக்கு. நம்பரும் காரணமும் கொடுத்து அதை ‘ரெய்ஸ்’ பண்ணினா போதும். வயசு நம்பரா வரணும்னு சொல்லி வெச்ச இடத்துல ஒருத்தர் ‘இருபது’ன்னு எழுத்துல போட்டா, அதுவே 422-ன்னு திருப்பி அனுப்பி, எந்தக் கட்டத்துல தப்புன்னும் சொல்லிடும். நாம யாரும் பிடிக்காம விட்ட எக்செப்ஷன் எல்லாம் 500 ஆகிடும்.

இவ்வளவு வசதி இருந்தும் நம்மாளுங்க கண்டுபிடிச்ச குறுக்குவழி ஒண்ணு இருக்கே... ‘ட்ரை’க்குள்ள வேலையை வை, ‘எக்செப்ட்’ல எல்லாத் தப்பையும் மொத்தமா பிடி, கீழே ‘பாஸ்’னு எழுது. முடிஞ்சது! ப்ரோக்ராம் நிக்காது, டெமோ சூப்பரா ஓடும். உள்ளே தப்பு நடந்தது மட்டும் யாருக்கும் தெரியாது. அதுக்கு மேல 200 ஓகேன்னும் அனுப்பினா, க்ளாஸுக்கே வராதவனுக்கு ‘ப்ரெசன்ட் சார்’ சொல்ற ப்ராக்ஸிதான் அது.

பணம்னு வந்துட்டா இன்னொரு சிக்கல். அங்கே ஆச்சு, ஆகலைங்கிறதோட ‘தெரியலை’ன்னு மூணாவது நிலையும் உண்டு. பேங்க்கிட்ட கேட்டோம், நேரத்துக்குப் பதில் வரலை. பணம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். இதையும் ‘ஃபெயில்’ கணக்குல சேர்த்தாதான் ஆளுங்க ரெண்டு தடவை கட்டுறாங்க. இதுக்குத் தனியா ஒரு எக்செப்ஷன் எழுதி, அதுக்கு ஒரு ஹேண்ட்லர் வெச்சுட்டா, ‘ஏத்துக்கிட்டோம், இன்னும் முடியலை’ங்கிற 202-ஐ அனுப்பலாம். கூடவே, ‘பேங்க்ல கேட்டுட்டு இருக்கோம், மறுபடி கட்டாதீங்க, இது உங்க நம்பர்’னு மூணு வரி. அதே நம்பரோட திரும்ப வந்தா ரெண்டாவது தடவை பணம் எடுக்காம தடுக்கவும் வழி இருக்கு.

அதுக்காக உள்ளே இருக்கிறதை எல்லாம் கொட்டிடவும் கூடாது. ஃபைல் பேரு, டேபிள் பேரெல்லாம் ஸ்க்ரீன்ல வந்தா, திருடனுக்கு வீட்டு ப்ளானைக் கொடுத்த மாதிரி. முழு விவரம் லாக்ல இருக்கட்டும். வெளியே, மனுஷனுக்குப் புரியற பதில் போதும்.

ஒரு உபரித் தகவல்: ஆன்லைன்ல பணம் போய், வாங்குறவங்களுக்கு உறுதி வரலைன்னா, பரிவர்த்தனை நாள்ல இருந்து 5 நாளுக்குள்ள அது திரும்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடுன்னு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல சொல்லியிருக்கு. கார்டு, யு.பி.ஐ. ரெண்டுக்கும்தான். அதனால, பதறி மறுபடி கட்டுறதுக்கு முன்னாடி, பணம் போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரு தடவை விசாரிச்சுடுங்க.

ப்ராஜெக்ட் பண்ற மக்களே... அடுத்த டெமோவுக்கு முன்னாடி டேட்டாபேஸை வேணும்னே நிறுத்திட்டு உங்க ஆப்பை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. அது சொல்ற பதிலைப் படிச்சுட்டு, அடுத்து என்ன செய்யணும்னு உங்க அம்மாவுக்குப் புரியுதா?

அப்ப நீங்க நிஜமாவே பாஸ்!