சக்கரம் நிற்கட்டும்... பானையைச் சுற்றி நடங்க!

நைஜீரியத் தலைநகர் அபுஜாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது சுலேஜா. முன்பு இந்த ஊருக்குத்தான் அபுஜா என்று பெயர். புதிய தலைநகருக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டு, இது சுலேஜா ஆகிவிட்டது.

1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மண்பாண்டக் கலைஞர் மைக்கேல் கார்டியூ இங்கே ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். குயவர் சக்கரம், பளபளக்கும் மேற்பூச்சு, அதிக வெப்பத்தில் சுடும் சூளை எல்லாம் வந்து இறங்கின.

1954-ல் அங்கே சேர்ந்தார் லாடி க்வாலி. க்வாரி இனப் பெண். அந்த இனப் பெண்கள் பானை செய்யும்போது சுற்றுவது சக்கரம் அல்ல, அவர்களேதான்! மண் உருண்டையைக் குடைந்து, சுவரை மேலே இழுத்து, கயிறுபோல உருட்டிய மண்ணை அதன்மேல் அடுக்கி, பானையைச் சுற்றிச் சுற்றி நடந்தே வட்டத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். லாடி சக்கரத்தையும் கற்றுக்கொண்டார்; ஆனால், கைவேலையைக் கடைசிவரை விடவில்லை.

1974-ல் இந்தக் கூடத்துக்கு வந்தார் மேக்டலின் ஒடுண்டோ. 1950-ல் கென்யாவில் பிறந்தவர். சிறுவயதில் இந்தியாவிலும் படித்தவர். அப்போது இங்கிலாந்தில் மண்பாண்டக் கலை பயின்றுகொண்டிருந்தார். நவீனம் என்று சக்கரத்தைக் கொண்டுவந்த இடத்தில், அவர் மனதைப் பிடித்தது அந்தப் பெண்களின் கைகள்தான். தன் வழியும் அதுவே என்று முடிவு செய்தார்.

சக்கரத்தில் ஏறும் மண் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல எழும். கையால் எழுப்பும் மண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒடுண்டோவின் கலயங்களில் ஒரு பக்கம் வயிறு தள்ளும். கழுத்து லேசாகச் சாயும். தண்ணீர் பிடிக்க அல்ல, நின்று பார்க்க வைக்கும் சிற்பங்கள் அவை. சுரைக்குடுக்கைச் சில்லால் சுரண்டி, மெல்லிய மண் குழம்பு பூசி, வழவழவென்று தேய்த்து எடுப்பார். காற்றோட்டத்தில் சுட்டால் செம்மை. புகையில் மூட்டம் போட்டுச் சுட்டால் கருமை. மேற்பூச்சே கிடையாது.

2020-ல் பிரிட்டன் அவருக்கு ‘டேம்’ பட்டம் வழங்கியது. 1984-ல் மறைந்த லாடியின் பெயரை சுலேஜா கூடத்துக்கே சூட்டினார்கள். நைஜீரியாவுக்குப் போனால், 20 நைரா நோட்டைத் திருப்பிப் பாருங்கள். தான் வனைந்த பானையோடு லாடி இருப்பார்!