உம்மாவின் துப்பட்டி



நாற்பது வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான் என்றால் நகைப்பீர்கள். என் வாலிபம் முழுவதும் வளைகுடாவில் கழிந்தது. அங்கே வேலை செய்த கடையும் தங்கிய அறையும் ஒரே தெருவில் இருந்தன. வாகனத்திற்குத் தேவை எழவில்லை. கீழக்கரைக்குத் திரும்பிய பின்னரே, எல்.எல்.ஆர். பெற்று முப்பது நாட்கள் காத்திருந்து, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று, காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினேன். உரிமம் கைக்கு வந்தது. இனி எனக்கென்ன குறை என்று எண்ணிக்கொண்டேன்.

வாங்கியது நூறு சி.சி. வண்டி, அதுவும் பழையது. "நூற்றைம்பதாவது வாங்கியிருக்கலாமே மாமா, இது பால்காரர் வண்டியல்லவா?" என்றான் மருமகன். பால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மோட்டார் சைக்கிளை எட்டச் செய்ததே இந்த நூறு சி.சி. இனம்தான். 1985இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி.100 வந்த நாள் முதல், குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் செல்வதே இவ்வினத்தின் பெருமை. எடை ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோ. நின்றால் இரு கால்களும் தரையில் படியும். புதிதாய்க் கற்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

இராமநாதபுரத்தில் கண் மருத்துவரைக் காண உம்மா புறப்பட்டார்கள். ஆட்டோ பிடிக்கட்டுமா என்றேன். "என் பிள்ளை வண்டி வாங்கியிருக்கும்போது எனக்கு ஆட்டோ எதற்கு வாப்பா?" என்றார்கள். அந்தச் சொல்லில் நான் மயங்கினேன். இருவரும் தலைக்கவசம் அணிந்தோம். உம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு ஒருபக்கமாய் அமர்ந்தார்கள்.

திருப்புல்லாணியைக் கடந்தபோது வேகம் இருபத்தைந்துதான் இருக்கும். திடீரெனப் பின்னாலிருந்து ஓர் இழுப்பு. "வாப்பா!" என்ற குரல். துப்பட்டியின் நுனி பின்சக்கரத்துக்குள் போயிருந்தது. பிரேக்கை அழுத்தி வண்டியைச் சாயாமல் பிடித்தேன். ஆயினும் உம்மா சாலையோர மணலில் சரிந்துவிட்டார்கள்.

முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு. தலைக்கவசத்தின் ஓரத்தில் விரல் நீளத்திற்கு ஒரு கீறல். அதைக் கண்டதும் என் கைகள் நடுங்கின. கிழிந்த துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லை வாப்பா, பதறாதே" என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் விழுந்த உம்மாதான்!

மறுநாள் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "என்ன பாய், சாரி கார்டே இல்லையே! இதைக்கூடப் பார்க்காமலா வாங்கினீர்கள்?" என்றார். அழகுக்காக முந்தைய உரிமையாளர் கழற்றிவிட்டிருந்தார். பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் பாதியளவேனும் மறைக்கும் காப்பு வேண்டும். கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கூறுவது இதுவே. எஞ்சினின் ஓசையைக் கேட்டு வாங்கிய நான் சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை. குற்றம் என்னுடையது.

இன்னொன்றையும் அன்றுதான் உணர்ந்தேன். நான் எட்டுப் போட்டது தனியாக! பின்னால் ஒருவர் அமர்ந்தால் வண்டியின் குணமே மாறுகிறது. கைப்பிடி இலேசாகிறது, நிறுத்தக் கூடுதல் தூரம் தேவைப்படுகிறது, பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இருபத்தைந்தில் சிராய்ப்போடு போனது ஐம்பதில் என்னவாகியிருக்கும்? நினைக்கவே நெஞ்சம் பதறுகிறது.

காப்பைப் பொருத்தினேன். மூன்று வாரம் அரிசி மூட்டையைப் பின்னிருக்கையில் கட்டி, அதிகாலையில் ஆளில்லாச் சாலையில் பழகினேன். தெருவே சிரித்தது. பிறகு மச்சானை ஏற்றிப் பழகினேன். உம்மாவோ, ஒரு சொல்லும் குறை கூறாமல் ஆட்டோவிலேயே சென்று வந்தார்கள். அந்த மௌனமே எனக்குத் தண்டனையாயிற்று.

இரண்டு மாதம் சென்றபின் ஒரு மாலை, கண் மருந்து தீர்ந்துவிட்டதென்று தாமே வண்டியருகில் வந்து நின்றார்கள். துப்பட்டியை மடித்துத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, "இப்போது போகலாம்" என்றார்கள். கிழிந்து தைத்த அதே துப்பட்டி!

சகோதரர்களே! சிறிய வண்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். உரிமம் பெற்ற அன்றே தாயையும் தாரத்தையும் ஏற்றிச் செல்ல அவசரப்பட வேண்டாம். சகோதரிகளே! அமர்ந்ததும் துப்பட்டி, புர்கா, முந்தானை எதுவாயினும் அதன் நுனி எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள். அதைப் பார்த்த பின்னரே, "போகலாம்" என்று சொல்லுங்கள்.