கொக்கு பார்க்க சுவாமிமலைக்கு வாங்க!

கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கி சில்லறை எண்ணி முடிப்பதற்குள் சுவாமிமலை வந்துவிடும். பேரில்தான் மலை. தஞ்சாவூர் டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? தரை பூராவும் தோசைக்கல் மாதிரி தட்டை. நம் முன்னோர்கள் அதற்கெல்லாம் அசருகிற ஆசாமிகளா? கல்லை அடுக்கி ஒரு கட்டுமலையையே எழுப்பி, உச்சியில் முருகனை உட்கார வைத்துவிட்டார்கள். மொத்தம் அறுபது படி. பிரபவ, விபவ என்று படிக்கு ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். முப்பதாவது படியிலேயே மூச்சு வாங்குகிறவர்கள் ஆபீஸ் நாற்காலியை விட்டு அவ்வப்போது எழுந்திருப்பது நல்லது.

இது அறுபடை வீடுகளில் நாலாவது. அப்பனுக்கே பிள்ளை பாடம் சொன்ன இடம். ('சின்னப் பையன் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க சார்' என்று மேனேஜரிடம் சொல்ல நினைப்பவர்கள் இங்கே ஒரு அர்ச்சனை பண்ணிவிட்டுப் போகலாம்!)

கோயிலை விட்டால் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது பஞ்சலோகச் சிலை. ஸ்தபதிகளின் பட்டறைப் பக்கம் போனால் உளிச் சத்தமும் அரச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் மெழுகில் உருவம். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்துப் பூச்சு. காய்ந்ததும் சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அளவு எடுக்க டேப் கிடையாது. ஒரு தென்னை ஓலைக் கீற்றை மடித்து மடித்தே முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் கண் திறப்பு. கண் திறக்கிற வரைக்கும் அது வெறும் உலோகம்.

பொங்கல் லீவில் நான் அங்கே போனபோது நடந்ததும் கிட்டத்தட்ட ஒரு கண் திறப்புதான். சிலைக்கு இல்லை, என் அத்தை மகனுக்கு!

பரணிலிருந்து இறங்கிய துப்பாக்கி

மச்சான் கும்பகோணத்தில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறான். காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற ஜாதி. நான் அத்தை கையால் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பரணிலிருந்து நீளமாக ஒன்றை இறக்கினான். ஏர் கன். மாமரத்துக் கிளிகளை விரட்ட எப்போதோ வாங்கினதாம்.

"மச்சான், இதுக்கு ஒரு ஸ்கோப் மாட்டணும். ஏழாயிரம் ரூபா வச்சிருக்கேன். சக்கையா சினிமால வர்ற மாதிரி வேணும். அறுவடை வயல்ல கொக்கு கொட்டிக் கிடக்கு. நீதான் கேமரா, லென்ஸுன்னு பேசுவியே, எது வாங்கலாம்?"

ஊஞ்சலில் இருந்த மாமா பேப்பரைத் தாழ்த்தினார். "கொக்குக்கு ஸ்கோப்பா? அது தலையில வெண்ணெய வச்சே புடிச்சுடலாமேடா!"

நான் சிரிக்கவில்லை. விஷயம் கொஞ்சம் சீரியஸ். பாயின்ட் 177 குழல், 20 ஜூலுக்குள் சக்தி என்று இருக்கிற ஏர் கன்னுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம் என்பது வாஸ்தவம். அதனால் அதை வைத்து எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு உங்கள் துப்பாக்கியின் சைஸ் முக்கியமில்லை. சுட்டாலும் குற்றம், கண்ணி வைத்தாலும் குற்றம், கூட்டைக் கலைத்து முட்டையை எடுத்தாலும் குற்றம். 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் கொக்குக்கே மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். அரசு உத்தியோகமோ தனியார் உத்தியோகமோ, எதற்கும் நல்லதில்லை.

"கொக்குக் கறி ஒரு காலத்துல ரோட்டோரமே வித்தாங்கடா" என்றார் மாமா. "மடையானைக் காலைக் கட்டித் தொங்க விட்டிருப்பான். நாங்களும் வாங்கினோம். இப்ப நெனச்சா, நம்ம வயல்ல சம்பளமில்லாம வேலை பார்த்தவனையே தின்னிருக்கோம்."

மாமா விவசாயி. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு. வயலில் வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குவது கொக்கு. நத்தைகளைத் தேடித் தேடித் தின்பது நத்தைகுத்தி நாரை. அதன் அலகு நடுவே இடைவெளி விட்டு வளைந்திருப்பதே அந்த வேலைக்குத் தோதாகத்தான். இவை ரெண்டும் இல்லாவிட்டால் அந்தக் கணக்கைப் பூச்சி மருந்துக் கடைக்காரர்தான் எழுதுவார்.

மச்சான் முகம் தொங்கிவிட்டது. "அப்ப ஏழாயிரம்?"

"அதே ஏழாயிரத்துக்கு ஸ்கோப்பை விட நல்ல கண்ணாடி வாங்கலாம்டா. ஒரு கண்ணுக்கு இல்ல, ரெண்டு கண்ணுக்கும்!"

எண்களின் ஜாதகம்

ஸ்கோப்போ பைனாகுலரோ, இரண்டிலும் ஒரே மாதிரி இரண்டு எண் இருக்கும். ஸ்கோப்பில் 4க்கு 32 என்றால் நாலு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் அகலம் 32 மில்லிமீட்டர். பைனாகுலரில் 8க்கு 42 என்றால் எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர். அவ்வளவுதான் ஜாதகம்.

கடைக்குப் போகிற நம்மாளு முதல் எண்ணை மட்டும்தான் பார்ப்பான். எட்டை விடப் பத்து பெரிசு, பத்தை விட இருபது பெரிசு. மச்சானும் அந்த ரகம். போன வருஷம் ஒரு கடற்கரையில் '60க்கு 60' என்று எழுதியிருந்த ஒரு பைனாகுலரை எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி வந்திருந்தான். கண்ணாடி இரண்டும் ரத்தினக்கல் மாதிரி சிவப்பாக ஜொலித்தது. அதன் வழியாகப் பார்த்தால் காவிரிக்கரை பூராவும் நீலப்பச்சைச் சாயம் பூசின மாதிரி தெரிந்தது. காரணம் லேசு. உள்ளே போகவேண்டிய சிவப்பு வெளிச்சத்தை அந்தப் பூச்சு வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது. நல்ல பூச்சு கண்ணாடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ லேசாகத்தான் மினுக்கும்.

மடங்கு ஏற ஏற மூன்று தொல்லை கூடவே ஏறும். ஒன்று, நம் கை நடுக்கம். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி கை நடுக்கத்தையும் பத்து மடங்கு காட்டும். கொக்கு நிற்கும், நீங்கள் ஆடுவீர்கள். இரண்டு, தெரிகிற பரப்பு சுருங்கிவிடும். பறக்கிற பறவையைப் பிடிப்பதற்குள் அது பாபநாசம் போய்விடும். மூன்று, வெளிச்சம்.

இந்த மூன்றாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்தேகால். அதாவது உங்கள் கண்ணுக்கு வருகிற வெளிச்ச வட்டம் ஐந்தேகால் மில்லிமீட்டர். பாக்கெட்டில் அடங்குகிற 10க்கு 25-ல் அது இரண்டரைதான். உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிக்கொள்வதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் மத்தியானம் காட்டும்போது சின்னது ஜோராக இருப்பது இதனால்தான். பொழுது சாய்ந்ததும் கண்மணி ஐந்து, ஆறு என்று விரியும். அப்போது இரண்டரை மில்லிமீட்டர் வெளிச்சம் யானைப் பசிக்கு ஒரு சோளப்பொரி.

காவிரிக்கரையில் பரீட்சை

தியரி போதும் என்று சாயங்காலம் மச்சானைக் காவிரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். என்னிடம் சென்னையிலிருந்து கொண்டு வந்த 8க்கு 42, அவனிடம் அந்த மாணிக்கக் கண்ணாடி. அக்கரையில் தென்னந்தோப்பு. அறுவடை மெஷின் பின்னாலேயே சுற்றித் திரிந்த கொக்குகள் இப்போது வரிசை வரிசையாக ராத்தங்கலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. நீர்க்காகம் ஒன்று மூழ்கி எழுந்து இறக்கையை விரித்துக் காய வைத்தது. கரையோரச் சேற்றில் ஒரு மண்கட்டி.

ஐந்தரை மணிக்கு இரண்டிலும் எல்லாம் தெரிந்தது. ஆறேகாலுக்கு அவன் கண்ணாடியில் தோப்பு கருப்பாகிவிட்டது. என்னுடையதை அவன் கையில் கொடுத்து, அந்த மண்கட்டியைப் பார்க்கச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"மச்சான்... அது மண்கட்டி இல்ல. மடையான்டா! கழுத்துல கோடு கோடா... கண்ணு மஞ்சளா..." அப்புறம் சத்தம் இன்னும் இறங்கியது. "என்னையே பாக்குதுடா."

அது பறந்தது. பழுப்புக் கட்டியாக இருந்தது சட்டென்று முழு வெள்ளையாகிவிட்டது. மடையானின் வித்தையே அதுதான். இறக்கையை மூடினால் சேறு, திறந்தால் பால். பிறந்ததிலிருந்து அந்தக் கரையில் குளித்த மச்சான் அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறான்.

"இதே காட்சியை ஸ்கோப்ல பார்த்திருந்தா என்ன ஆகும் தெரியுமா? நீ பார்க்கிற பக்கமெல்லாம் துப்பாக்கியும் திரும்பும். அக்கரையில துணி துவைக்கிற அக்காவும் உன் குறிக்குள்ள வந்துருவாங்க" என்றேன். துப்பாக்கிப் பழக்கம் உள்ளவர்கள் சுற்றிப் பார்ப்பதற்கு ஸ்கோப்பைத் தொடவே மாட்டார்கள். அதற்குத் தனியாகப் பைனாகுலர் வைத்திருப்பார்கள்.

"சரி, டப்பா வச்சு சுடறதுக்காவது ஸ்கோப் வாங்கலாமா?" என்றான் விடாக்கண்டன். தாராளமாக. ஆனால் ஸ்பிரிங் ஏர் கன் சுடும்போது பின்னால் ஒரு உதை, முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய ரைஃபிளுக்கான விலை குறைந்த ஸ்கோப்பை அதில் மாட்டினால் உள்ளே இருக்கிற குறிக்கம்பி கழன்றுவிடலாம். ஏர் கன்னுக்கென்றே செய்த சாதாரண 4க்கு 32 போதும். மடங்கு அதிகமானதற்குக் கொடுக்கிற காசு தண்டம்.

வாங்குவதற்கு முன் ஐந்து நிமிஷம்

மச்சானுக்கு எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1. முதல் பைனாகுலர் 8க்கு 40 அல்லது 8க்கு 42 ஆக இருக்கட்டும். அறுபது, நூறு மடங்கு என்று அட்டையில் போட்டிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. பட்ஜெட் பத்தாயிரத்துக்குள் என்றால், தோள்பட்டை அகன்ற பயில்வான் மாதிரி இருக்கும் பழைய மாடலே மேல். நேர்க்குழாய் மாடல் பார்க்க ஸ்டைல்தான். அதன் பிரிஸத்தைத் துல்லியமாகச் செய்யச் செலவு ஜாஸ்தி, அதே விலைக்குக் காட்சி ஒரு மாற்றுக் குறையும். மழையில் அலைகிறவர்கள் மட்டும் கொஞ்சம் காசு சேர்த்து நேர்க்குழாயில் தண்ணீர் புகாததாக வாங்கலாம்.

3. கை நீட்டித் தள்ளிப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி பின்பக்கக் கண்ணாடியைக் கவனியுங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியவேண்டும். ஓரம் நறுக்கிச் சதுரமாகத் தெரிந்தால் உள்ளே பிரிஸம் மட்டம்.

4. எதிர்க்கடை போர்டைப் படியுங்கள். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, ஐந்து நிமிஷத்தில் தலை வலித்தாலோ இரண்டு குழாயும் ஒரே நேரில் இல்லை என்று அர்த்தம். எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். (சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.)

5. கண்ணாடி போடுகிறவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி கொடுத்தும் முழுக்காட்சி தெரிகிறதா என்று போட்டபடியே பாருங்கள்.

6. வாங்கியதும் வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்கு நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். பிறகு இடதை மூடி, வலதுபக்க வளையத்தை மட்டும் திருகுங்கள். இதைச் செய்யாமலே 'சரக்கு சரியில்லை' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

பார்க்க என்ன இருக்கிறது?

சுவாமிமலையைச் சுற்றி ஒரு நாள் போதும். கொக்கு, மடையான், அரிவாள்மூக்கன், மீன்கொத்தி, ஆள்காட்டி எல்லாம் டிக்கெட் இல்லாமல். இன்னும் வேண்டுமானால் காவிரிக்கரை ரோட்டிலேயே கபிஸ்தலம், திருவையாறு என்று போய், கொள்ளிடம் தாண்டித் திருமானூர் பக்கம் கரைவெட்டி ஏரி. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிற இடம். 2024 ஜனவரியில் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மன்னார்குடி பக்கம் வடுவூர் ஏரி 2022-லேயே அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் நல்லது.

இந்தியப் பறவைகளின் பெரிய வாத்தியார் சாலிம் அலி ஆரம்பித்ததும் ஏர் கன்னில்தான். சின்ன வயசில் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் கறை. என்ன குருவி என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறினார். அது 1908-ல். அதன் பிறகு வாழ்நாள் முழுக்கப் பறவைதான். 1985-ல் வந்த அவருடைய சுயசரிதைக்கே அந்தக் குருவி விழுந்த கதையைத்தான் பெயராக வைத்தார். அவர் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு குருவி சாகவேண்டியிருந்தது. நமக்கு அந்த அவசியம் இல்லை. கண்ணாடி மலிவாகிவிட்டது.

மச்சான் அந்த வாரமே வாங்கிவிட்டான். 8க்கு 40, பயில்வான் மாடல், ஏழாயிரத்துக்குள். ஏர் கன் பரணுக்கே போய்விட்டது. இப்போது வேறு தொல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அஞ்சரைக்கு எனக்குப் போன்.

"மச்சான்! தோப்புல ஒரு ஆந்தைடா... ரெண்டு குஞ்சு! ட்ரைபாட்ல வச்சுப் பார்க்கிற பெரிய ஸ்கோப் இருக்காமே, அது என்ன விலை?"

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "முதல்ல எனக்குக் குடுடா! எம்பது வயசுக்கு நான் அப்புறம் எப்படா பாக்கறது?"